காலைப் பண்

இன்ன பண்ணை இன்ன பொழுதில் பாடுக என்னும் வரையறை நம் நாட்டு இசைக்குச் சிறப்பாக உரியது. வடநாட்டு ஹிந்துஸ்தானி இசையில் அவ்வரையறை இன்றும் உயிரோடு நிலவுகின்றது. வைகறையில் லலித், கதிர் எழும்போது பைரவ், நண்பகலில் சாரங்க், அந்தி மயங்கும்போது பூர்வி, நள்ளிரவில் மால்கௌன்ஸ் என்று நாள் முழுவதையும் இராகங்களால் அளந்து வைத்திருக்கின்றனர் அந்நாட்டு வித்துவான்கள். தென்னாட்டிலோ கச்சேரி மேடையில் இம்முறை பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆதலின் நம் மாணவருள் பலர், காலை இராகம் என்பது வடவர் கொள்கையென்றும், தமிழர்க்கு அஃது அயலானதென்றும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்குத் தென்காசியும் குற்றாலமும் சூழ்ந்த நம் தென்பாண்டி நாடே போதிய சான்று தரும். ஒரு பண்ணைக் காலைக்குரியதாக்குவது யாது? அதன் சுரங்களா, நடையா, அன்றி மக்களின் வழக்கமா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் பழந்தமிழ் நூல்களை நோக்குவோம். தொல்காப்பியனார் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் பெரும்பொழுதும் சிறுபொழுதும் உரியவை இவை என வகுத்தார். அத்திணைகளின் கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் தெய்வம், உணவு, மரம், புள், பறை என்பவற்றோடு யாழையும் சேர்த்தார். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நிலத்திற்கு ஒரு பொழுதும், அந்நிலத்திற்கே ஓர் இசையும் உரியவாயின், அவ்விசைக்கும் அப்பொழுதுக்கும் உறவு உண்டாதல் இயல்பே. வைகறையும் விடியலும் மருதத்திற்குரியன. ஆகவே மருதப்பண் காலைப் பண்ணாயிற்று. நள்ளிரவாகிய யாமம் குறிஞ்சிக்குரியது. ஆகவே குறிஞ்சிப்பண் இரவுக்குரியதாயிற்று. மாங்குடி மருதனார் மதுரைக் காஞ்சியில் மதுரை மாநகர் துயிலெழும் காட்சியைப் பாடும்போது, யாழோர் மருதம் பண்ணுதலையும் ஆண்டு நிகழும் செயல்களுள் ஒன்றாக வைத்துள்ளார்.

இம்மரபு எத்துணை உறுதியாய் நின்றது என்பதைப் புறநானூற்றின் 149-ஆம் பாட்டு காட்டும். வன்பரணர் என்னும் புலவர் கண்டீரக் கோப்பெருநள்ளி என்னும் வள்ளலைப் பாடியது அது. அதன் கருத்து வருமாறு: நள்ளியே, நீ வாழ்க, எம் பாணர் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் பண்ணுகின்றனர், இசை முறைமையை அவர் மறந்துவிட்டனர், கொடுத்தலை நீ கடனாக மேற்கொண்டதே அதற்குக் காரணம். பசி நீங்கிய பாணர் தம் தொழிலில் கருத்தழிந்தனர் என்பது புலவர் நயம்படக் கூறும் புகழுரை. அப்புகழுரை சுவைக்க வேண்டுமாயின், மருதம் காலைக்கும் செவ்வழி மாலைக்கும் உரியன என்பதைக் கேட்போர் அனைவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அறியாதார்க்கு இப்பாட்டில் நகையும் இல்லை, நயமும் இல்லை. இலக்கண நூலின் விதி பொதுமக்கள் வாழ்விலும் விளங்கியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

சங்க காலத்துக்குப்பின் தேவாரத் திருமுறைகளில் இவ்வரையறை மேலும் நுண்ணியதாயிற்று. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூவகையாகப் பகுப்பது ஓதுவார் மரபு. பகற்பொழுதின் முப்பது நாழிகையையும் மும்மூன்று நாழிகையாகப் பகுத்துப் பகற்பண்களை வரிசைப்படுத்துவர். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். கதிர் 6 மணிக்கு எழுவதாகக் கொள்வோமாயின், 7 மணி 12 நிமிஷம் வரையுள்ள முதல் மூன்று நாழிகை புறநீர்மைக்கு உரியன. அடுத்த மூன்று நாழிகை, அதாவது 8 மணி 24 நிமிஷம் வரை, காந்தாரத்துக்கும் பியந்தைக்காந்தாரத்துக்கும் உரியன. அதன்பின் கௌசிகம், அதனையடுத்து இந்தளம், இவ்வாறே மாலை வரை செல்லும். இந்நாளில் ஓதுவார் புறநீர்மையைப் பூபாள இராகத்திலும், காந்தாரத்தை நவரோஜிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும் பாடுவர்.

குற்றாலத்திற்கு வருவோம். ஞானசம்பந்தர் இத்தலத்தின்மேல் இரண்டு பதிகங்கள் அருளியுள்ளார். முதல் திருமுறையில் 99-ஆவதாகிய திருக்குற்றாலப் பதிகம் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. இரண்டாந் திருமுறையில் 71-ஆவதாகிய திருக்குறும்பலாப் பதிகம் காந்தாரப் பண்ணில் அமைந்தது. குறும்பலா என்பது குற்றாலக் கோயிலின் தலமரமாகிய பலா. முன்னதன் பண்ணாகிய குறிஞ்சி, மலைக்கும் இரவுக்கும் உரியது. பின்னதன் பண்ணாகிய காந்தாரம் காலைக்குரியது. ஒரே மலையடிவாரத்தில் ஒரே புலவர் பாடிய பதிகங்களுள் ஒன்று இராப்பண்ணாகவும் மற்றொன்று பகற்பண்ணாகவும் அமைந்திருத்தல் கருதத்தக்கது. குற்றாலத்தை அருவிக்காக மட்டும் நினைப்பவர், அவ்வூர் ஒரு நாளின் இரு கூறுகளையும் தன் பண்களில் ஏந்தி நிற்பதை அறிவாரல்லர்.

இனி வடநாட்டார் காலை இராகத்துக்குக் கூறும் இலக்கணத்தைக் காண்போம். இரவும் பகலும் கூடும் பொழுதைச் சந்தி என்பர். அப்பொழுதில் பாடும் இராகங்களுக்குச் சந்திப்பிரகாச இராகங்கள் என்று பெயர். அவற்றின் முதற்குறி ரிஷபம். நாம் சுத்த ரிஷபம் என்பதை அவர்கள் கோமள ரிஷபம் என்பர். அது ஷட்ஜத்தை நெருங்கி நிற்பது. அதனோடு நாம் அந்தர காந்தாரம் என்று கூறும் உயர்ந்த காந்தாரமும் சேரும். காலைச் சந்திக்குரிய பைரவ் இராகத்தின் சுரங்கள் நம் மாயாமாளவகௌளையின் சுரங்களே. கணக்கில் காட்டுவோமாயின், ஷட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வு உடையதாயின், ரிஷபம் 256, காந்தாரம் 300, மத்யமம் 320, பஞ்சமம் 360, தைவதம் 384, நிஷாதம் 450, மேல் ஷட்ஜம் 480 ஆகும். இவ்வெட்டினையும் நடுவே பகுத்துப் பாருங்கள். முதல் நான்கை ஒன்றரையால் பெருக்கினால் பின் நான்கும் வந்துவிடும். கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. சங்கீதம் பயிலப் புகும் தென்னாட்டுக் குழந்தைக்குப் புரந்தரதாசர் வகுத்த முறைப்படி முதற்பாடம் இம்மாயாமாளவகௌளையிலேயே தொடங்குகின்றது. அக்குழந்தை தன்னை அறியாமலே விடியலின் சுரங்களைக் கொண்டு இசையுலகிற் புகுகின்றது எனலாம்.

காலைச் சந்திக்கும் மாலைச் சந்திக்கும் வேற்றுமை என்னை? மத்யமம் ஒன்றே. பைரவில் உள்ள சுத்த மத்யமத்தை நீக்கி அதனிடத்தில் பிரதி மத்யமத்தை வைத்தால், மாலைக்குரிய பூர்வியின் சுரங்கள் கிடைக்கும். மற்ற ஆறு சுரங்களும் அவையே. விடியலும் அந்தியும் ஒளியால் ஒத்திருத்தல்போல இவ்விரண்டும் ஒத்திருந்து, ஒரே சுரத்தால் வேறுபடுகின்றன. ஆதலின் மத்யமத்தை வழிகாட்டும் சுரம் என்று வடநூலார் போற்றுவர்.

எனினும் சுரங்களே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. வடநாட்டில் பூபாலி, தேஷ்கார் என இரண்டு இராகங்கள் உள்ளன. இரண்டிற்கும் நம் மோகனத்தின் ஐந்து சுரங்களே உரியன. ஒரு சுரமும் கூடுதல் குறைதல் இல்லை. ஆயினும் பூபாலியை இரவின் முதற்பகுதியிலும், தேஷ்காரைக் காலையிலும் பாடுவர். காரணம் யாதெனின், பூபாலியில் பாடகர் காந்தாரத்தில் ஊன்றி நிற்பார். தேஷ்காரில் தைவதத்தில் ஊன்றி நிற்பார். இவ்வாறு தலைமை பெறும் சுரத்தை வாதி என்பர். வாதி சுரம் கீழ்ப்பாதியில் இருந்தால் அவ்விராகம் நண்பகல் முதல் நள்ளிரவு வரையும், மேற்பாதியில் இருந்தால் நள்ளிரவு முதல் நண்பகல் வரையும் பாடத்தக்கது என்று விஷ்ணு நாராயண பாத்கண்டே பொதுவிதி வகுத்தார். பைரவிலும் தைவதமே வாதி. அதில் ரிஷபமும் தைவதமும் அசைவின்றி நிற்பதில்லை. மெல்ல ஊசலாடிக்கொண்டே ஒலிக்கும். மேற்கூறிய 256, 384 என்னும் எண்கள் அவ்வூசலின் நிலைக்களத்தைக் குறிப்பனவேயன்றி, அசைவு முழுவதையும் அளப்பன ஆகா. சொல் ஒன்றாயினும் அழுத்தம் மாறினால் பொருள் மாறுதலை நாம் பேச்சிற் காண்கின்றோம். இசையிலும் அஃதே நிகழ்கின்றது.

வடநாட்டு முறையையும் தென்னாட்டு முறையையும் ஒப்புநோக்குதல் புதிய முயற்சியன்று. பாத்கண்டே (1860–1936) தம் ஆராய்ச்சியின்பொருட்டு 1904-இல் தென்னாடு போந்து, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டு அளவளாவினார். தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. வேங்கடமகி வகுத்த 72 மேளங்களின் அமைப்பை ஆராய்ந்த பின்னரே பாத்கண்டே வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக ஒழுங்குபடுத்தினார். இது வடவர் தெற்கு நோக்கி வந்த வரலாறு. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றவரும் ஒருவர் உண்டு. அவர் நம் கிறிஸ்தவ சமுதாயத்திற்கும் தென்காசிச் சீமைக்கும் பெருமை தந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). இந்நாள் தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையிற் பிறந்து, தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்த அவர், 1912 முதல் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916-இல் பரோடாவில் பாத்கண்டேயின் முயற்சியால் நடந்த முதலாவது அகில இந்திய சங்கீத மாநாட்டிற்குச் சென்று, சுருதிகளைப்பற்றிய தம் கொள்கையை விளக்கினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த கருணாமிர்த சாகரம் அவ்வாழ்நாள் உழைப்பின் பயன். பழந்தமிழர் பண்களிலிருந்தே இராகங்கள் கிளைத்தன என்பது அந்நூலின் துணிபு. அத்துணிபு முழுவதையும் ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆயினும் பண்களைக் கோயிற் சுவருக்குள் அடங்கிய பழம்பொருளாகக் கருதாமல், கணக்கும் செவியும் கொண்டு ஆராயத்தக்க கல்வியாகக் காட்டினார் என்பதை யாவரும் ஒப்புவர்.

அவர் காட்டிய வழியில் நாமும் ஓர் ஒப்பீடு செய்வோம். வடநாட்டு முறைப்படி, விடியலில் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் உடைய இராகங்கள் வரும். கதிர் மேலெழுந்தபின், நம் சங்கராபரணத்தை ஒத்த பிலாவல் இனத்து இராகங்கள் வரும். அதன்பின் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் உடைய ஆசாவரி முதலியன வரும். இனி ஓதுவார் வரிசையை நினைவுகூர்க. முதலில் புறநீர்மை, அதன் பூபாளத்தில் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் உள்ளன. இரண்டாவது காந்தாரம், அதன் நவரோஜ் சங்கராபரணத்தின் பிள்ளை. மூன்றாவது கௌசிகம், அதன் பைரவி சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் உடையது. மூன்று படிகளும் ஒத்து வருகின்றன! குறும்பலாப் பதிகம் சாரல் மலைமேல் வெயில் படரும் வேளைக்கு உரியதாகிறது. அவ்வேளையில் வடநாட்டார் பாடும் பிலாவலும் அதே சுரக்குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆனால் நான்காம் படியில் இவ்வொற்றுமை முறிகின்றது. ஓதுவார் வரிசையில் அடுத்து வருவது இந்தளம். அதன் மாயாமாளவகௌளையோ வடநாட்டில் கதிரெழும் வேளைக்குரிய பைரவின் சுரங்களையுடையது. ஓதுவார் முறைப்படி அதற்குரிய நேரம் 9 மணி 36 நிமிஷம் முதல் 10 மணி 48 நிமிஷம் வரை. இவ்வாறே வேறு முரண்களும் உள்ளன. வடநாட்டார் மால்கௌன்ஸ் என்று நள்ளிரவிற் பாடும் சுரங்களை நாம் ஹிந்தோளம் என்று எப்பொழுதும் பாடுகின்றோம். அவர்தம் ஹிந்தோலோ வேறு சுரங்களையுடைய காலை இராகம். அவர்தம் பைரவி நம் தோடியின் சுரங்களையுடையது. அங்கு அது காலைக்குரியது. இங்கு நாகசுரக்காரரின் தோடி இரவு ஊர்வலத்திற் பெயர் பெற்றது. பெயரை நம்பியும் ஏமாறலாகாது. அவர்தம் பூபாலி இரவுக்குரிய மோகனம். நம் பூபாளத்திற்கு நேரானது அவர்கள் காலையிற் பாடும் பூபால் தோடியே.

இவற்றால் நாம் துணிவது யாது? காலைப் பண்ணின் காலைத்தன்மை ஓரளவு சுரத்தில் உள்ளது. ஓரளவு நடையில் உள்ளது. எஞ்சியது மக்களின் உடன்பாட்டில் உள்ளது. சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை விட்டு அதிகம் விலகாமல் நிற்பது அரையிருளைப்போலத் தோன்றுவது, அதனைப் பல தலைமுறையாக அரையிருளில் கேட்டு வந்தவர்க்கே. கோயிற் கதவு திறக்கும்போது நாகசுரத்தில் பூபாளமும் பௌளியும் ஒலித்த ஊரில் வளர்ந்தவன், நண்பகலில் பௌளியைக் கேட்பினும் விடியலை உணர்வான். மலயமாருதம் என்னும் இராகத்தையே பாருங்கள். மலயம் என்பது பொதியமலை, மாருதம் காற்று, தமிழிற் சொன்னால் தென்றல். நம் மேற்றிசை மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய இவ்விராகத்தையும் காலைக்குரியதென்றே கொள்வர். ஆனிமாதத்துச் சாரற் காற்றில் துயிலெழும் தென்காசியானுக்கு அப்பெயரும் அப்பொழுதும் ஒன்றாய்ப் பொருந்துதல் எளிது. மலையே காணாதவன் அதனைப் பயின்றே அறிதல் வேண்டும்.

இவ்வுடன்பாடு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. நம் வேதாகமத்தில் 22-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் அய்யேலேத் ஷாகார் என்னும் எபிரேயத் தொடர் காணப்படுகின்றது. விடியற்காலத்துப் பெண்மான் என்பது அதன் பொருள். அது ஒரு மெட்டின் பெயர் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. அத்தலைப்பு இராகத் தலைவனை நோக்கியது. விடியலின் பெயர் தாங்கிய மெட்டு எபிரேயரிடமும் வழங்கியது போலும். அம்மெட்டு இன்று உலகில் எவர்க்கும் தெரியாது. பெயர் எஞ்சிற்று, இசை மறைந்தது. பாடும் வாய்களும் கேட்கும் செவிகளும் அற்றபோது, எழுத்தால் மட்டும் ஒரு பண்ணைக் காக்க இயலாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை. மருதப்பண்ணும் அந்நிலைக்கு மிக அருகில் நிற்கின்றது. அதன் சுரங்கள் யாவை என்பதில் ஆராய்ச்சியாளர் இன்றும் ஒருமுகப்படவில்லை.

இந்நாளில் இசையரங்குகள் பெரும்பாலும் மாலையிலேயே நடைபெறுகின்றன. அலுவலகமும் பள்ளியும் முடிந்தபின்னரே மக்கள் கூட இயலும் ஆதலின், அதனைக் குற்றமென்று கூறுவதற்கில்லை. ஆயினும் அதன் விளைவாகக் காலை இராகங்கள் மேடையில் அருகி வருகின்றன. வடநாட்டு இசையன்பரும் இக்குறையை உணர்ந்துள்ளனர். வன்பரணர் காலத்துப் பாணர் வயிறு நிறைந்தமையால் பொழுது மறந்தனர். நாம் கடிகாரத்தை நோக்கியே பொழுதை மறந்தோம். இன்று பண்ணையும் பொழுதையும் பிரியாமற் காத்து வருவோர் ஓதுவாரும் நாகசுரக்காரருமே. அவர் தொகையோ சிறிது, ஊதியமும் பெரிதன்று.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் குற்றாலம் செல்வோர் ஒரு நாளேனும் விடியுமுன் எழுந்து, காலை வழிபாட்டு இசையைச் செவிமடுத்தல் நன்று. கேட்கும்போது மூன்றினை நோக்குக. ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கின்றதா, விலகி நிற்கின்றதா? பாடுவோர் சுரக்கோவையின் கீழ்ப்பாதியில் ஊன்றுகின்றாரா, மேற்பாதியிலா? மத்யமம் உண்டாயின் அது சுத்தமா, பிரதியா? இம்மூன்றுக்கும் விடை கண்டவர் காலைப் பண்ணின் இலக்கணத்திற் பாதியைக் கற்றவராவர். மறுபாதியைப் பாடிய ஓதுவாரிடமே கேட்டறிக. "ஐயா, இப்பதிகத்திற்கு என்ன பண்? எந்த நாழிகைக்குரியது?" என்று வணக்கத்தோடு வினவுங்கள். அவர் கூறும் விடையை ஒரு குறிப்பேட்டில் ஊர்ப்பெயரோடும் நாளோடும் எழுதி வையுங்கள். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய நாம் ஏடுகளிற் படித்த பொழுதுப் பாகுபாட்டைக் காதாற் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு, நம் கல்லூரியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளது. ஆபிரகாம் பண்டிதர் பிறந்த சீமையில் அவர் தொடங்கிய பணியை நாம் தொடர்வதற்கு இதனினும் எளிய தொடக்கம் வேறில்லை.